நடைவண்டியைத் திருப்பி வைத்தவனுக்கு

என் நெட்டைத் தம்பி சூசைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு, கத்தினால் போதும். இப்போது கத்தினாலும் கேட்காத இடத்துக்குப் போய்விட்டாய். கல்லறைத் திருநாள் வருகிறது, இறந்தவர்களைப் பற்றி எழுதிக்கொடுங்கள் என்று கோயில் மாதப் பத்திரிகையில் கேட்டார்கள். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உனக்கு எழுதத்தான் வருகிறது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. ராயபுரத்தில் இப்போது டிராம் ஓடுவதில்லை. உன் மருமகன் நடைவண்டியை விட்டுவிட்டு ஓடவே ஆரம்பித்துவிட்டான், பிடிக்க முடியவில்லை. உன் அத்தான் கடையில் யாராவது உன் பேச்சை எடுத்தால், அவர் எடைக்கற்களை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிடுகிறார். அந்தக் கற்கள் இவ்வளவு பளபளப்பாக எப்போதும் இருந்ததில்லை.

உனக்கு இதெல்லாம் வேண்டாம், தெரியும். வண்டி என்ன ஆயிற்று என்றுதான் கேட்பாய். சொல்கிறேன். ஆனால் என் போக்கில்தான் சொல்வேன், குறுக்கே பேசாதே.

நீ போனபின் வண்டி திருவொற்றியூர் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. யாரும் தொடவில்லை. கடைசியில் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். கிடங்குச் சந்தில் இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது, இடிக்காமல் திரும்பினால் சரி, இடித்தால் மறுநாளே வெட்டி இரும்பாக விற்றுவிடுவது. அந்தச் செய்தி வந்த அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. உன்னை ஒருமுறை புதைத்தாயிற்று. இரண்டாம் முறை வெட்டி எடைக்குப் போடப்போகிறார்களா என்றிருந்தது.

வெளியார் படிக்கிறார்கள், அவர்களுக்கு எல்லாம் புரியவேண்டும். யுத்தம் முடிந்து ராணுவம் விட்டுப்போன சாமான்களை டிஸ்போசல் ஏலத்தில் எடுத்துப் பிழைத்தவர் உங்கள் முதலாளி. அப்படி வந்ததுதான் அந்தப் பெரிய ஃபோர்க் லிஃப்ட். முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு நீட்டி, சுமையைப் பலகையோடு தூக்கி உயரத்தில் அடுக்குகிற வண்டி. கிடங்கு ஆட்கள் அதற்குக் கொம்பு வண்டி என்று பெயர் வைத்தார்கள். ஹார்பர் பக்கத்துப் பழைய கிடங்கில் அதைக் கொண்டுபோய் விட்டபோது என்ன ஆனது? மூட்டை அடுக்குகளுக்கு நடுவே இருந்த சந்துகள் தலையில் மூட்டையோடு ஒரு ஆள் போய்வருகிற அளவுக்கு விட்டவை. வண்டி நேராக உள்ளே போயிற்று, திரும்ப முடியாமல் தூக்கிய சுமையோடு அப்படியே பின்பக்கமாக வெளியே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பட்டறையில் படம் வரைகிற நீ மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நான் ஆசையாய் வைத்த வஞ்சிரக் குழம்பைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாய்.

அதன்பின் இந்த வீட்டில் வேறு பேச்சு உண்டா? வண்டியைக் குட்டையாக்க வேண்டும். குட்டையாக்கினால் பின்பக்கம் எடை போதாது, முன்னால் சுமையைத் தூக்கியதும் குப்புறக் கவிழும். இதைச் சோற்றுத் தட்டின் விளிம்பில் கரண்டியை வைத்து எனக்குக் காட்டினாய். கரண்டி கவிழ்ந்து குழம்பு என் புடவையில் தெறித்தது. பிறகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய பேட்டரியை வைத்தாய். பேட்டரியே எடையும் ஆயிற்று, அடைத்த கிடங்கில் புகையும் இல்லை. ஓட்டுகிறவன் உட்காராமல் நின்றே ஓட்டட்டும் என்று இருக்கையை எடுத்தாய். நின்று ஓட்டினால் கால் வலிக்காதா என்று கேட்டேன். மூட்டை தூக்குகிறவன் என்ன உட்கார்ந்தா தூக்குகிறான் என்றாய்.

நடைவண்டியை நான் மறப்பேனா? முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு. குழந்தை தூங்கும்போது அதை எடுத்து நீ திருப்பி வைத்தாய். இரண்டு சக்கரம் முன்னால் போய்ச் சுமையைத் தாங்கும், ஒற்றைச் சக்கரம் பின்னால் நின்று திருப்பும் என்றாய். அதில் அரிசிப் பையை வைத்து, நம் அறையிலிருந்து குழாயடி வரைக்கும் என்னைத் தள்ளவிட்டாய். உள்நடையும் வாசல் நடையும் குழாயடியில்தானே மூலைமட்டமாகச் சந்திக்கின்றன. அந்த இடம்தான் உனக்குக் கிடங்குச் சந்து. நான் வழக்கம்போல மூலை வருமுன்பே வளைத்தேன். பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் குடித்தனத்துக் குடத்தை உருட்டிவிட்டது. அந்த அம்மாள் நம்மை என்னவெல்லாம் திட்டினாள்! நீ தலையில் அடித்துக்கொண்டு, முன்பக்கம் நிற்க வேண்டும் அக்கா, பின்பக்கம்தான் சுற்றி வர வேண்டும் என்றாய். எனக்கு வர ஒரு வாரம் ஆயிற்று.

ஆனால் உன் தோஸ்து ஏகாம்பரத்துக்கு வரவேயில்லை.

முதலாளியின் லாரியை ஓட்டுகிறவன். இந்தப் பக்கத்தில் அவனைப்போல லாரி ஓட்ட ஆள் கிடையாது. அதுதான் வினையாயிற்று. லாரி முன்பக்கம் திரும்பும், பின்பக்கம் தானாக வரும். உன் வண்டியிலோ எல்லாம் தலைகீழ், பின் சக்கரம்தான் திருப்பும். அவன் கை பழைய பழக்கத்தில் முன்கூட்டியே வளைக்கும், வண்டியின் பின்புறம் வீசிப் போய் அடுக்கில் இடிக்கும், சர்க்கரை மூட்டைகள் சரியும். வேறு ஆளைப் போடு என்று முதலாளி சொன்னதற்கு நீ ஒப்புக்கொள்ளவில்லை. ஏகாம்பரத்துக்கு வந்துவிட்டால் எந்த லாரிக்காரனுக்கும் வந்துவிடும், அவனுக்கு வராத வண்டி நல்ல வண்டி இல்லை என்றாயாம்.

கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் உன்னிடம் வந்து கேட்டதையும் எழுதிவிடுகிறேன். இந்த வண்டி ஓடினால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். நானும் கேட்டேன். நீ பதில் சொல்லாமல் அவர்களில் ஒருவருடைய கழுத்தைப் பற்றிச் சொன்னாய், மூட்டை அழுத்தி அழுத்தித் தோள்பட்டைக்குள் புதைந்துபோன கழுத்தை. அது பதில் ஆகுமா, சூசை? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்தச் சண்டை. நம் வாசலில்தான் நடந்தது. அன்று கிடங்கில் அவன் மறுபடி இடித்துவிட்டு, வண்டியில்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். நீ கத்தியது எனக்குக் கேட்டது.

"நான் செத்தாதான்டா உனுக்கு இது புரியும்."

இது யாரும் சொல்லாத வார்த்தையா? நம் அம்மா நம்மைப் பார்த்து எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நான் உன் அத்தானிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்கிறேன். ஏகாம்பரம் காப்பி குடிக்காமல் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல் கண்டது.

விஷக்காய்ச்சல் என்றார் டாக்டர். நீ யாரையும் அடையாளம் தெரியாமல் படுத்திருந்தாய். உன் வலது கை மட்டும் போர்வையின்மேல் சுற்றிக்கொண்டே இருந்தது, ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி. ஏகாம்பரம் தினமும் வந்தான். உள்ளே வரமாட்டான், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், போய்விடுவான். நீ இன்னும் கோபமாக இருப்பதாக அவனுக்கு நினைப்பு. அவன் வந்து நின்றது உனக்குத் தெரிந்ததா? ஒரு தடவையாவது கண்ணைத் திறந்து அவனைப் பார்த்திருக்கக் கூடாதா?

பெட்டியைப் பட்டறை ஆட்களே செய்து கொண்டுவந்தார்கள். உன் உயரத்துக்கு நீளமான பெட்டி. வெறும் பெட்டியாக இருந்தபோது அதைச் சாய்த்து நிமிர்த்தி எப்படியோ அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உன்னை உள்ளே படுக்கவைத்தபின் வெளியே கொண்டுபோக வழியில்லை. குழாயடி வந்ததும் முன்னால் பிடித்தவர்கள் வாசல் பக்கம் திரும்பி நடந்தார்கள். பின்பக்கம் சுவரில் இடித்து நின்றது. பின்வாங்கி மறுபடி வந்தார்கள், மறுபடி இடித்தது. மரம் சுவரில் மோதுகிற அந்தச் சத்தத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். நிமிர்த்திவிடலாம், இந்த வீட்டில் எல்லோரையும் அப்படித்தான் கொண்டுபோகிறோம் என்றார் யாரோ.

நான் விடவில்லை. செத்துப்போன என் தம்பியைப் பெட்டிக்குள் நிற்கவைப்பதா? திருப்பும்போது சுமையைத் தூக்காதே, சாய்க்காதே என்று என்னை விரட்டியவன் நீ. அழுதுகொண்டிருந்தவள் எப்படி எழுந்தேன் என்று தெரியாது, நடுவில் போய் நின்றேன். பின்னால் இடது மூலையை வலது தோளில் வைத்திருந்தவன் ஏகாம்பரம்.

"முன்னால நிக்கிறவங்க காலை எடுக்காதீங்க. அங்கேயே நில்லுங்க. ஏகாம்பரம், நீ சுத்தி வா."

அவன் என்னைப் பார்த்தான், பிறகு சுற்றி வந்தான். ஈரத் தரையில் கால் பாவிப் பாவி, சுவரில் முதுகு உரச, உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தான். பெட்டி எங்கும் படவில்லை. வாசல் நடைக்கு நேராக வந்து நின்றது. நீ சாயாமல் படுத்தபடியே போனாய், தம்பி. அந்த ஒன்றைத்தான் நான் உனக்குச் செய்தேன்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். கடைசித் தடவை ஓட்டிப் பார்ப்பதென்று முடிவானதும், ஏகாம்பரம் தானே போய் முதலாளியிடம் நின்றிருக்கிறான், நான்தான் ஓட்டுவேன் என்று. பிறகு என்னிடம் வந்து, நீயும் வா என்றான். கிடங்கில் பொம்பளைக்கு என்ன வேலை என்று வாசலில் கேட்டார்கள். என் தம்பி வண்டி, நான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டேன். கிளப்பிவிட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

சர்க்கரை மூட்டைகளைக் கொம்பில் ஏற்றி, தரையை ஒட்டித் தாழ வைத்துக்கொண்டு வந்தான். சந்தின் முனை வந்தது. எப்போதும் அவன் அவசரப்பட்டு வளைக்கிற இடம். நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அவன் வளைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் போய் நிறுத்தினான், பின்னால் திரும்பிப் பார்த்தான். வலது தோளை ஒருமுறை தூக்கிச் சரிசெய்துகொண்டான், அதில் ஏதோ இருப்பதுபோல. பிறகு திருப்பினான். முன் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே நின்றன, பின்பக்கம் சுற்றி வந்தது. இரண்டு பக்க அடுக்கிலும் ஒரு சாக்கு நூல்கூட உரசவில்லை. உள்ளே போய்ச் சுமையை மேலே வைத்துவிட்டு அதேபோல வெளியே வந்தான்.

முதலாளி வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். இதேபோல இன்னும் இரண்டு செய்யவேண்டும், சூசை வரைந்த படம் எங்கே என்று கேட்டுக்கொண்டே போனார். உன் பேரை அவர் சொன்னதைக் கேட்டதும், அதுவரை அடக்கிவைத்த அழுகை எனக்கு வந்துவிட்டது.

ஏகாம்பரம் வண்டியைவிட்டு இறங்கவில்லை. எல்லோரும் போனபின் நான் பக்கத்தில் போனேன். ஜெயித்துவிட்டாயேடா என்று சொல்லத்தான் போனேன்.

"யக்கா, இத்தினி நாளா எனுக்கு ஏறவேயில்ல. அன்னிக்கு அவன தோள்ல வெச்சிகினு குழாயாண்ட சுத்தி வந்தேன் பாரு, அப்பவே புரிஞ்சிபோச்சு," என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான். "நான் செத்தாதான் உனுக்குப் புரியும்னான். செத்தான். புரிஞ்சிச்சு."

ஊரையே அதட்டுகிற உன் அக்கா, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன், சூசை.

உன் வண்டி இப்போது தினமும் ஓடுகிறது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்கு ஏகாம்பரம் ஓட்டப் பழக்குகிறான். மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டால் அவனும் உன்னைப்போலவே அந்தக் கழுத்தைத்தான் காட்டுகிறான். மாலையில் இந்தப் பக்கம் வருவான். இன்றுவரை நிலைப்படியைத் தாண்டவில்லை. நான் தருகிற காப்பியை வாசலில் நின்றே குடிக்கிறான். வலது தோளை அவ்வப்போது தூக்கிச் சரிசெய்துகொள்கிறான். அவன் பெண்சாதி, வலியா என்று கேட்டால் இல்லை என்கிறானாம்.

கல்லறைத் திருநாளுக்கு வா என்றேன். மாட்டேன் என்றான். அவன் என்ன வராமல் இருப்பது, நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். மெழுகுவர்த்தியை அவனைத்தான் ஏற்றச் சொல்வேன். நீ சொன்னது கோபத்தில் வந்த பேச்சு, காய்ச்சல் வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உன் முன்னால் வைத்தே அவனிடம் சொல்வேன். ஒரு வருஷம் சொல்லி ஏறாவிட்டால் அடுத்த வருஷமும் சொல்வேன். நீ எழுந்துவந்து சொல்ல முடியாதில்லையா. உன்னை நாங்கள் குழியில் இறக்கிவிட்டோம், அவன் மட்டும் இன்னும் தோளிலேயே வைத்திருக்கிறான். அவன் தோளிலிருந்து உன்னை இறக்கிவைப்பது என் பொறுப்பு, தம்பி.

உன்னை இடுப்பில் சுமந்த அக்கா,
அந்தோணியம்மாள்
ராயபுரம்