முளை விடும் காலத்தில் அரிவாள் எடுத்த அப்பா

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, அவர் செய்த ஏணியைக் கண்டால் மட்டும் அதற்கு ஒரு வலியும் கிடையாது.

போன கடிதத்தில் நீ, பிரசவத்துக்கு அம்மா மட்டும் வந்தால் போதும், அப்பாவுக்கு ஏணிப் பட்டறையை விட்டு வர மனசு வராது, அவருக்கு எதற்குச் சிரமம் என்று எழுதியிருந்தாய். அதை நான் அப்படியே அவருக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. ஆமா, பெயிண்டருக்கு ஏணி தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன், நான் எங்க வர்றது, நீ போயிட்டு வா என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். நிஜமாகவே உப்பில்லை. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே, பெற்ற பெண்ணைவிட மூங்கில் பெரிதாகப் போய்விட்டதா என்று இரண்டு நாள் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மூங்கில் புதரை வெட்டுவது அவர், வளர்ப்பது நான். அடியில் உதிர்ந்த இலையைக் குப்பை என்று பெருக்கித் தள்ளி நீ என்னிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாய்! அது அங்கேயே கிடந்து மக்கினால்தானே, மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்பும், வேர் மறுபடி அதை உறிஞ்சிக்கொள்ளும். இந்த வருஷம் முதல் மழைக்கே முளைகள் குபுகுபுவென்று கிளம்பின. பார்க்கத்தான் தடியாக இருக்கும், முளைக்கு இலை இல்லை, தானாகச் சம்பாதித்துச் சாப்பிட வழியில்லை. முற்றிய மூங்கில்கள் வேரால் இழுத்த சத்தும் இலையால் ஆக்கிய சாப்பாடும் தரைக்குள் படுத்திருக்கும் தண்டில் சேர்ந்திருக்கும், அதைத் தின்றுதான் முளை ஆளுயரத்துக்கு எழும்பும். அதனால் புதுசு இலை விரித்துத் தன் காலில் நிற்கிற வரைக்கும் பழசின் மேல் அரிவாள் படக் கூடாது, இது உன் அப்பாவே போட்ட சட்டம். கல்யாண வீட்டுப் பந்தலுக்கு என்று கெஞ்சி வந்தவர்களைக்கூட முளை விடும் காலத்தில் வெறுங்கையோடு அனுப்பியவர்.

இரண்டு வாரம் முன்னால் உன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், புதரின் ஒரு பக்கம் மொட்டையாக நிற்கிறது. நல்ல முற்றிய கழிகளாகப் பார்த்து வெட்டி அடுக்கியிருக்கிறார். பெயிண்டர் வேலைதான் இவருக்குப் பெரிது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சில நாளில் அந்தப் பக்கத்து முளைகள் எல்லாம் வளராமல் நின்று, நுனி கறுத்து, தொட்டால் கொழகொழ என்று ஆகிவிட்டன. அதைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். உன் அப்பா செத்துப்போன முளையைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், மழை முடிஞ்சு வெட்டினா ஏணி முடியறதுக்குள்ள குழந்தை பொறந்துரும், இப்பவே வெட்டிட்டா பெயிண்டர்கிட்ட ஒப்படைச்சிட்டு உன்கூடக் கிளம்பிரலாம்னு பார்த்தேன், வாசல்ல போய் நின்னுட்டா அவ என்னைத் திருப்பியா அனுப்பிருவா என்று. அவர் கையிலிருந்த முளையை வாங்கிப் போட்டுவிட்டு உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன், இரண்டு பேருமே கொஞ்சம் அழுதோம்.

வெட்டியது இரண்டு ஏணிக்குத்தான் காணும். மீதிக்கு இனி மழை ஓய வேண்டும், அதுவரை பட்டறைக்குப் பூட்டுதான். பெயிண்டரிடம் அவரே போய்ச் சொன்னாராம். பேத்தியோ பேரனோ பாத்துட்டு வாங்க, செவரு எங்கயும் ஓடிராது என்று அந்த மனுஷன் சிரித்துவிட்டாராம். மறுபக்கத்து முளைகள் பிழைத்துக்கொள்ளும். அடியில் இலையும் சாம்பலும் பரப்பிவிட்டேன், நாங்கள் இல்லாதபோது தையல்காரர் ஒரு கண் பார்த்துக்கொள்வார்.

பல் கூசுகிறது, முடி கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறாயே, உள்ளே இருப்பது உன்னைக் கேட்டுக்கொண்டா எடுக்கும்? நீ சேர்த்து வைத்ததிலிருந்து அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரையை மேஜை மேல் அழகுக்கு வைக்காதே. பால் குமட்டினால் தயிர் சாப்பிடு. வேலை இடத்தில் நின்றுகொண்டே இருக்காதே, நாற்காலி கேள், வெட்கப்படாதே.

உன் அப்பா இப்போது திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கென்று மூன்று படி வைத்து ஒரு குட்டி ஏணி செய்கிறார். பிறக்கிற பிள்ளை எங்கே ஏறப் போகிறது, தொட்டில் செய்யக் கூடாதா என்றேன். கைக்கு ஏணிதான் வருதும்மா என்கிறார். நீ ஒன்றும் சொல்லிவிடாதே, வாங்கி வைத்துக்கொள்.

சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், மாப்பிள்ளையும் நீயும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன் அப்பா வாசலில் வந்து நின்றதும் எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம் என்று கேட்டுவிடாதே. ஏம்ப்பா இவ்வளவு லேட்டு என்று கேள்.

உன்னைப் பார்க்கத் துடிக்கும்,
அம்மா