யாரும் குறை சொல்லாத நாடகம்

அக்கா,

திருவொற்றியூர் தேரடியில் இன்று காலை உன் முகத்தைப் பார்த்தேன். பசைகூடக் காயாத சுவரொட்டி. போன வருடம் நாம் நடித்த அந்தக் கலை விழாவை இந்த வருடமும் நடத்துகிறார்கள். சக்கர நாற்காலியில் நீ சரிவுப்பாதை ஏறும் படம், மேலே 'எல்லோருக்கும் மேடை' என்று ஒரு வாசகம். நீ செத்து எட்டு மாதமாகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. யாராவது விசாரித்திருந்தால்தானே தெரியும்.

அந்தச் சரிவுப்பாதை எங்கே போய் முடிந்தது என்பது படத்தில் இல்லை. பார்வையாளர் இருக்கைகளோடு முடிந்துவிட்டது. மேடைக்கு ஒன்பது படிகள். உன்னைப் போன்றவர்கள் நாடகம் பார்க்க வருவார்கள் என்று யோசித்தவர்கள், நடிக்க வருவார்கள் என்று யோசிக்கவில்லை.

நான்கு பேர் தூக்கிக்கொள்ளலாம், ஒன்றும் பிரச்சினையில்லை என்றார் விழா ஒருங்கிணைப்பாளர்.

"நான் இன்னா சப்பரமா?" என்று கேட்டாய்.

எண்ணூர் சாலையில் டிரைலர் லாரி உன் கால்களை நசுக்கிய பிறகும் ஏழு வருடம் தெருவில் நடித்தவள் நீ. அங்கே யாரும் உன்னைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் கெஞ்சினேன். இவ்வளவு பெரிய அரங்கு இனிமேல் நமக்குக் கிடைக்காது என்றேன். தூக்கினோம். நீ வாயைத் திறக்கும் முன்பே கைதட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் டீக்கடை ஓரம் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவது நம் குழுவின் வழக்கம். அதில் நீதான் மோசம். காசிமேட்டில் நான் செத்த காட்சிக்கு, "சாவுற மாரி இல்லடா, சோறு துன்னுட்டு மத்தியானம் படுக்குற மாரி கீது" என்றாய். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒழுங்காகச் செத்தேன்.

விழா அன்றும் நீ அதற்காகத்தான் காத்திருந்தாய். விழாக்காரர்கள் உன் தன்னம்பிக்கையைப் புகழ்ந்து சால்வை போர்த்தினார்கள். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பும் வேனில் நம் ஆட்களும் சூப்பர், சூப்பர் என்றே சொல்லிக்கொண்டு வந்தார்கள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"மூணாவது சீன்ல சொதப்பிட்டேன். நீ பாக்கல?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருந்துச்சு."

சால்வையை உருவி மடியில் போட்டாய்.

"அப்ப உனுக்கும் நான் நொண்டிதான்."

அதற்குப் பிறகு நீ ஒத்திகைக்கு வரவில்லை. வெட்கத்தில் நானும் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் என்று சேர்த்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன்னைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அன்று வேனில் விழுங்கியது இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது. இப்போது சொல்கிறேன். மூன்றாவது காட்சியில், மகன் செத்த சேதியோடு வருகிறவன் மேடைக்குள் நுழையவே இல்லை, அதற்குள் நீ அழ ஆரம்பித்துவிட்டாய். அந்த இடத்தில் மொத்த நாடகமும் படுத்துவிட்டது. படு கேவலமாக நடித்தாய் அக்கா.