டிக்கியில் இரண்டு தட்டு

செப்டம்பர் 2, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து முண்டியம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வந்து சேர்ந்தோம். எங்கள் சந்துக்குள் காரை ரிவர்ஸில்தான் விட வேண்டும். எனக்கு இன்னும் வரவில்லை. வீங்கின காலோடு இவர் இறங்கிப் பின்னால் நின்று, "வா, வா... லெஃப்ட்ல ஒடி" என்கிறார். போதும் என்றால் டிக்கியில் இரண்டு தட்டு. இன்று தட்டிவிட்டு அப்படியே காரில் சாய்ந்துகொண்டார். பார்க்க முடியவில்லை. காரின் பழைய ரேடியோவை எடுத்துவிட்டு, பின்பக்கம் காட்டும் கேமராவோடு ஒரு திரை வைத்தால் இவர் இறங்கவே வேண்டாம்.

செப்டம்பர் 6, சனி

விழுப்புரத்தில் வாங்கிவிட்டேன். "வண்டிய ரெண்டு நாளு உட்டுட்டுப் போங்கக்கா" என்றார் கடைக்காரர் கோபி. ஆட்கள் கிடைக்கவில்லையாம், வேலை குவிந்து கிடக்கிறதாம். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றதும் சிரித்தார். சிரிக்கட்டும். எட்டாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்துகிறவள் நான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

டேஷ்போர்டில் ஒரு கிளிப் உடைந்தது. ஆனால் திரை எரிந்தது, பாட்டு வந்தது! கேமரா ஒயரைக் கதவோர ரப்பருக்கு அடியில் இழுத்து டிக்கி வரை கொண்டுபோனேன். இவர் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெட்கக்கேடு. ரிவர்ஸ் விளக்குக்குப் பதில் பிரேக் விளக்கின் ஒயரில் சேர்த்திருக்கிறேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் நிற்கும் லாரியின் மூஞ்சி திரையில் வருகிறது. "சயின்ஸ் டீச்சரு!" என்று இவர் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று இவர் சிரித்து.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒயரை மாற்றிவிட்டேன். சந்துக்குள் ஒரே தடவையில் விட்டேன். இவர் இறங்கக் கதவைத் திறந்தார். "வேணாங்க, உக்காருங்க" என்றேன். பெருமையாக வேறு இருந்தது எனக்கு.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். கெஞ்சினேன், கத்தினேன். "நீயே ஓட்ற, நீயே நிறுத்தற. என்னை எதுக்கு மூட்டையாட்டம் ஏத்திக்கினு போற? உடு, படுத்துக்கினு இருக்கேன்."

கால் நோவக் கூடாதுன்னுதானே பண்ணேன்? இதுவும் தப்பா? எதைத் தொட்டாலும் இப்படித்தானா?

செப்டம்பர் 17, புதன்

டிக்கிக்குள் கேமரா ஒயரைப் பிடுங்கிவிட்டேன். "கேமரா போச்சுங்க, மட்ட சரக்கு. நீங்க வந்தாத்தான் ஆச்சு."

"கடையில குடுத்து மாட்டியிருக்கணும்" என்றார். காலையில் போட்டுக்கொள்ளச் சட்டை எடுத்து வைக்கச் சொன்னார். நம்பினாரா, நம்புகிற மாதிரி இருந்தாரா, தெரியாது.

செப்டம்பர் 18, வியாழன்

தாமதமாக வந்ததற்கு டாக்டர் என்னைத் திட்டினார். திட்டட்டும். சந்தில் இரண்டு தட்டு விழுந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

இருதயமும் தளர்ந்துவிட்டதாம். டாக்டர் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சந்தில் தட்டு கேட்கவேயில்லை. சுவரில் இடித்துவிட்டேன். "தட்டினேனே கலை" என்றார். கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒயரைச் செருக ஒரு நிமிஷம் ஆகாது. செருகவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மறுபடியும் சுவர். பம்பர் போனால் போகட்டும்.

நவம்பர் 26, புதன்

காரியம் எல்லாம் முடிந்து இன்றுதான் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்து, சந்து முனையில் ரிவர்ஸ் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து ஒயரைச் செருகினேன்.

படம் நன்றாகத் தெரிகிறது. சந்து முழுக்கக் காலியாக இருந்தது.