அசனத்துச் சாம்பார்

ஞாயிறு, இரவு.

இன்று சபையில் அசன விருந்து. சாம்பார் வைத்தது நானும் ஸ்டெல்லா அக்காவும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அக்கா தன் மகளை மரியாளாக்கி, என் மகளுக்கு ஆட்டுக்குட்டி வேடம் கொடுத்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

உப்புப் போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. நானே அள்ளிப் போட்டேன். அவரும் கேட்காமலே போட்டிருக்கிறார். ருசி பார்த்தால் உப்புக் கரித்தது. உள்ளே ஆராதனையின் கடைசிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அக்காவும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"ஏட்டி, நீயுமா போட்ட?"

"நீங்களுமாக்கா?"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிச்சது போதும். ரசத்துக்கு வச்ச பருப்புத் தண்ணி அம்புட்டையும் இதுல ஊத்து."

ஊற்றினேன். சாம்பார் பிழைத்தது, ரசம் போயிற்று.

பந்தியில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆராதனை நடத்த வந்த போதகர், "ரசம் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"பருப்பு பத்தல, ஐயா" என்றோம், இருவரும் ஒரே குரலில்.

இத்தனை மாதம் கழித்து நாங்கள் சேர்ந்து சொன்னது ஒரு பொய். ஆண்டவர் மன்னிப்பார். அக்கா நாளைக்கு வீட்டுக்கு வருகிறார்.