ஆறு படிக்குக் கீழே ஒரு மடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முட்டி வலியைத் தவிர இங்கே மூன்று பேரும் சுகம். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்க வைத்தே வேலை வாங்குகிறார்கள் என்றாயே, கால் வீக்கம் வடிந்ததா, வேளைக்குச் சாப்பிடு. போனில் சொன்னால் உன் பெண் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள், அதனால்தான் கடிதம். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். என் வயிற்றெரிச்சலை முதலில் சொன்னால்தான் தப்பு உனக்குப் புரியும்.

சக்கர நாற்காலியில் இருக்கிற மனுஷனால் பிள்ளையைத் தனியாகச் சமாளிக்க முடியாது என்று நினைத்துத்தான் நீ வேலைக்கு வெளியூர் போன மறுவாரமே பெட்டியோடு வந்தேன். வந்து பார்த்தால் எனக்கு இங்கே வேலையே இல்லை. காலையில் மாப்பிள்ளை தலை சீவி விடுகிறார், அவள் நாற்காலியின் கால்பலகையில் உட்கார்ந்து தலையைக் கொடுக்கிறாள். அவர் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் மேஜைக்கு அடியில்தான் அவள் குடித்தனம், ஸ்குரூ விழுந்தால் கேட்பதற்குள் எடுத்து நீட்டுகிறாள். வெளியே போய் வந்தால் தன் செருப்பைக் கழற்றுவதற்கு முன் சக்கரம் இரண்டையும் துணியால் துடைக்கிறாள். விழுந்தால் அங்கேயே கிடந்து அழுவதில்லை, எழுந்து போய் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்து, கால்பலகையில் கால் வைத்து, அவர் மடியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகையே ஆரம்பம். நான் ஓடிப்போய்த் தூக்கினால் 'விடு தாத்தா, நானே ஏறிக்குவேன்ல' என்று உதைக்கிறாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஊரையே ஏற்றி இறக்கியவன் நான், ஐந்து வயசுப் பிள்ளை என் மடிக்கு வர மாட்டேன் என்கிறது. வீட்டில் எல்லோரையும் படம் வரைந்தாள். என்னை ஓரத்தில் போட்டு, 'தாத்தாவுக்குச் சக்கரமே இல்ல, பாவம்' என்றாள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஆறு படி. சரிவு ஒன்று கட்ட அவர்களுக்கு வக்கில்லை, ஆனால் எல்லோரும் சமம் என்று சுவர் முழுக்க எழுதப் பெயிண்ட் இருக்கிறது. இதுவரை டீச்சர் கைபிடித்து இறக்கிவிடுவாள், கீழே அப்பா மடி காத்திருக்கும். புதிதாக வந்த தலைமை ஆசிரியை, மேலே வந்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறவரோடுதான் பிள்ளையை அனுப்புவோம் என்று வாசலில் வைத்தே சொன்னாள். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் 'நான் இருக்கேன் மேடம்' என்று முந்திக்கொண்டேன். சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை. ஒரு படிவம் கொடுத்தாள், அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வராததற்குக் காரணம் என்ன என்ற இடத்தில், 'தந்தை இயலாதவர்' என்று என் கையாலேயே எழுதினேன்.

நாலு நாள் நான்தான் கூட்டி வந்தேன். தோளில் சாய்த்துத் தூக்கினால், 'அப்பா மடின்னா முன்னாடி தெரியும், நீ தூக்கினா போன ரோடுதான் தெரியுது' என்று வழி முழுக்க நச்சரிப்பு. ஐந்தாம் நாள் படிவத்தை மாப்பிள்ளையிடம் நீட்டினேன். சண்டை போடுவார் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் படித்தார், கையில் இருந்த கிரீஸைத் துடைத்தார், கையெழுத்துப் போட்டார். 'மாமா, அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரல. வர்றதுக்குள்ள இதைக் கண்ணுல படாத இடத்துல வச்சிடுங்க' என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

படிவத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போய், டீச்சர் பழையபடி இறக்கிவிடட்டும், நோட்டையும் கீழே கொண்டு வரட்டும், ஒரு நிமிஷ வேலை என்றேன். பிள்ளையின் அம்மா எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றாள். அப்பா சொன்னால் போதாதா என்றதற்கு, 'அவரால மேல வந்து சொல்ல முடியலையே' என்கிறாள். 'அப்போ நீங்க கீழ வாங்க' என்றேன். வரவில்லை. படிப்பு சொல்லிக் கொடுக்க வந்தவள், ஆறு படி இறங்கினால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

அதனால் நீ பள்ளிக்கூடத்துக்கு உடனே எழுது. பிள்ளையை அழைக்க வருபவர் அவள் அப்பா என்று எழுது, காரணம் கீரணம் எதுவும் எழுதாதே. என் பெயரை இரண்டாவதாகப் போடு, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கு மட்டும். அவருக்கு ஒரு காய்ச்சல் வரட்டும் என்று நான் நினைக்கவே மாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் செய்ய முடியாது. வந்தால் கஷாயமும் நான்தான் வைத்துக் கொடுப்பேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கடிதத்தை இது கிடைத்த அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடு, மறக்காதே.

உன் அப்பா