மயில்கழுத்து நிறப் பெட்டி

அக். 9, வியாழன்
காலையில் மழை, பத்து மணிக்கெல்லாம் வெயில். ஆபீசுக்கு அரை நாள் லீவு.

நாத்தனார் கலா கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்து மூன்று வாரம். கொண்டுவந்தது ஒரு பை, ஒரு கம்ப்யூட்டர். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். வேலை பார்த்தது போதும் என்று புகுந்த வீட்டில் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரைப் பரணில் போட்டுவிட்டார்களாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று அவளாகவே பேசினாள். கம்ப்யூட்டரின் கறுப்புப் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம். பெயிண்ட் அடிக்கலாமா?

வாங்கியது: ஸ்ப்ரே டப்பா, அடிப்பூச்சுக்குப் பிரைமர், உப்புத்தாள், பேப்பர் டேப். கடைக்காரர் வண்டிக்கா, இரும்பு கேட்டுக்கா என்றார். கம்ப்யூட்டருக்கு என்றேன். "வெடிச்சிறப் போகுதுக்கா, பாத்து." நிறம் கலா எடுத்தது. மயில்கழுத்து.

அக். 10, வெள்ளி
புழுக்கம். பால் பாக்கெட் ஒன்று கூடுதல்.

மாலையில் கலா பெட்டியை முழுக்கப் பிரித்தாள். போர்டு, மெமரி எல்லாம் துணியில் சுற்றி பீரோவில். அவற்றில் ஒரு துளி படக்கூடாதாம். வெளித் தகடு, முன்பக்க வலை, ஃபேன் சட்டம் மட்டும்தான் பெயிண்டுக்கு. திருகுகள் பணியாரச் சட்டியில், குழிக்கு ஒரு வகை. நாளைக்குப் பணியாரம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் பெரியப்பாவோடு வருகிறார், கலாவை அழைத்துப் போக. என் வீட்டுக்காரர் போனிலேயே சரி சொல்லிவிட்டார். கலாவிடம் சொல்லும் வேலை எனக்கு. சொன்னேன். ஃபேனுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நாளைக்குள்ள மாட்டிரலாம் அண்ணி."

போகிறேன் என்று அர்த்தமா? கேட்டிருக்கலாம். ஞாயிறு என்ன டிபன் என்று யோசித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

அக். 11, சனி
தகட்டில் பிரைமர் ஒட்டவில்லை. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விட்டதுபோல விலகி விலகி, வட்டம் வட்டமாய். டப்பாவைக் குலுக்கினோம். மறுபடி அடித்தோம். அதே வட்டம்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆயுத பூசையன்று அரிவாள்மனை, தையல் மெஷின், அவர் வண்டி எல்லாவற்றையும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்துப் பொட்டு வைத்தேன். பளபளவென்று இருக்கட்டுமே என்று கலாவின் பெட்டியையும்.

சொன்னதும் சிரித்துவிட்டாள். இங்கு வந்தபின் முதல் தடவை. "எம் பெட்டிக்கு அங்க யாரும் பொட்டு வச்சதில்ல அண்ணி."

பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, காயவைத்து, திரும்ப முதலிலிருந்து. விரல் நுனி எரிகிறது. நிறம் நாளைதான். அதற்குள் அவர்கள் வந்துவிடுவார்களே என்றேன். வரட்டும் என்றாள்.

அக். 12, ஞாயிறு
நல்ல வெயில். காலையில் நிறம் ஏறியது. அழகு.

பதினொரு மணிக்கு வந்தார்கள். கூடம் முழுக்கச் செய்தித்தாள், அதன்மேல் ஈரத் தகடுகள். இருவரும் சுவரோரமாக நடந்து நாற்காலியைப் பிடித்தார்கள். பெயிண்ட் நெடிக்குப் பெரியப்பா மூக்கில் துண்டு. காபி கொடுத்தேன். மழை, கடலை விலை, யாருக்கோ ஆபரேஷன். பிறகு பெரியப்பாவே ஆரம்பித்தார், சாமானைக் கட்டச் சொல்லி.

மாப்பிள்ளை தகடுகளைப் பார்த்தபடி, "இந்தப் பெட்டியெல்லாம் இங்கிட்டே கெடக்கட்டும்" என்றார்.

கலா கதவோரம் நின்றாள். கை முழுக்க மயில்கழுத்து. பெரியப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "அது எங்கிட்டு இருக்கோ, அங்கிட்டுத்தான் மாமா நானும்."

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். நானும். அவர் கீழே கிடந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அதை அவதான் சொல்லணும்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இன்னிக்கி வேணாங்க மாமா," என்றார் அவர். "நான் போன் பண்றேன்."

காபி பாதி மிச்சம். படியிறங்கும்போது மாப்பிள்ளையின் வேட்டி நுனியில் மயில்கழுத்து.

சாப்பாடு ஆனதும் அவர் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து தகடுகள் பக்கம் திருப்பிப் போட்டார். ஈரத்துல தூசி ஒட்டும்ணே என்றாள் கலா. உடனே ஃபேனை நிறுத்திவிட்டார்.