நிலையில் தலை இடித்த மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை,

இன்று காலை பெயிண்டர் வந்தான். கூடத்து வாசல் நிலையின் மேல்சட்டத்தில் கறுத்துப் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் காட்டி, "அண்ணே, எத்தினி கோட்டு அடிச்சாலும் இது மேல வருது. சுரண்டிடட்டுமா?" என்றான். சுரண்டச் சொல்லிவிட்டேன். என் உயரத்துக்குக் கட்டிய வீட்டில் என் தங்கையை மணந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நீ, போக வர இடித்துக்கொண்ட தலையின் முத்திரை அது. தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் அடித்தது என்று சத்தியம் செய்வேன். என் சத்தியத்தை ஊரில் யாரும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

நீ மரக்காணத்தில் நின்றால் புதுச்சேரியில் நிழல் விழும் என்று டீக்கடையில் அளப்பேன். பஸ்ஸில் உன் தலைக்குத் தனி டிக்கெட் என்பேன். "விடுங்க மச்சான், சிரிச்சு சிரிச்சு கழுத்து வலிக்குது" என்பாய்.

அப்புறம் ஒருநாள் உப்பளத்துக் கால்வாயில் வலை வீசப் போனாய். கரையில் செருப்பும் செல்போனும் இருந்தன. நீ இல்லை. வங்கக் கடலையே வடிகட்டித் தேடினேன். அடுத்த மழைக்குப் பின் கால்வாயைத் தூர்வாரியபோது ஒரு மண்டையோடு கிடைத்தது. வேறு எலும்பே இல்லை. வரப்பில் உட்கார்ந்து நான் அழுத அழுகையில் அந்த வருஷ உப்பு இரட்டிப்பாக விளைந்திருக்கும்.

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "ஆளு என்ன உயரம்?"

"லைட் ஹவுஸுக்கு ஒரு சாண் கம்மி சார்."

"யோவ், அடிக்கணக்குல சொல்லுய்யா!"

யாருக்கும் தெரியவில்லை. உன்னை நாங்கள் அளந்ததே இல்லை. என் தங்கைதான் நிலையின் கறையைக் காட்டினாள். தரையிலிருந்து அதுவரை டேப் பிடித்து எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, வளைந்த கால்கள் வைத்த அளவுகோலால் அந்தத் தலையை நெற்றியிலிருந்து பிடரிவரை அளந்தார். பிறகு அகலம், சுற்றளவு. "தலைய மட்டும் வெச்சு உயரம் சொல்றது தோராயந்தாங்க. தொடை எலும்பு இருந்தா இன்னும் கிட்டத்துல சொல்லலாம். ஆனா எவ்ளோ தாராளமா கூட்டினாலும் உங்க மாப்பிள்ளை உயரம் வரல. இவரு குள்ளமான ஆளு" என்றார். உன் மகளின் ரத்தத்தோடு ஒப்பிட்ட சோதனையும் பின்னால் அதையே உறுதி செய்தது. அது நீ இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கையோடு தெருவுக்கே லட்டு கொடுத்தேன். "மாப்பிள்ளை உசுரோட இருக்காரு!" என்று நான் போட்ட கூச்சலில் காக்கை ஒன்றும் ஊரில் மிஞ்சவில்லை. தங்கை மட்டும் லட்டைத் தின்னாமல் கையில் வைத்திருந்தாள்.

"அப்போ அந்தச் செருப்ப அவரே கழட்டி வெச்சுட்டுத்தான் போனாராண்ணே?"

வாயே மூலதனமாக வாழ்கிறவன் நான். லட்டுத் தட்டை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். செத்திருந்தால் எங்களுடையவனாகவே செத்திருப்பாய். அளவுகோல் உனக்கு உயிர் கொடுத்தது. அவளிடமிருந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டது.

போன வாரம் மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உன் பேரைச் சொல்லி, "எங்க வீட்டுக்காரரு" என்றாள். மாரடைப்பில் போய்விட்டாயாம். "எனக்கு ஏதாச்சும் ஆனா இந்த நம்பருக்குச் சொல்லுன்னு எப்பவும் சொல்வாருங்க."

என் நம்பர் உனக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கிறது, மாப்பிள்ளை. அதைத்தான் தாங்க முடியவில்லை. தங்கையிடம் சொன்னேன். "சரிண்ணே" என்று மீனைத் தொடர்ந்து அரிந்தாள்.

உனக்காக அழ உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. உன் பங்கு முழுவதையும் அந்தக் குள்ளனுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். அவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவனைக் கேட்டு ஒரு வீட்டிலிருந்தும் யாரும் வந்ததில்லை. புதைத்த இடத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை மாலையோடு போகிறவன் நான் ஒருவன்தான். ஆரம்பத்தில் எதற்குப் போகிறேன் என்று தெரியாமல் போனேன். இப்போது அவன் எனக்குச் சொந்தக்காரன். இந்த வருஷமும் மாலை அவனுக்குத்தான்.